ஸ்பீக்கரை மாற்றும் முன் கதவைத் தட்டிப் பாருங்கள்

கார் ஆக்சசரீஸ் கடைக்குப் புது ஸ்பீக்கர் வாங்கப் போகிறவரை முதலில் டெமோ போர்டின் முன்தான் நிறுத்துவார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் சரி, உள்ளூர்க் கடையானாலும் சரி, தடித்த எம்டிஎஃப் பலகையில் ஐந்தாறு ஜோடிகளைப் பதித்து, பின்பக்கத்தை அடைத்து, சுவரோடு சேர்த்து வைத்திருப்பார்கள். பட்டனைத் தட்டினால் தவில் அடி நெஞ்சில் விழும். அதே ஜோடியைக் காரில் மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குப் பாதி வழியிலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. ட்ரெபிள் பளிச்சென்று இருக்கிறது, சத்தமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. கடையில் கேட்ட பேஸ் மட்டும் வந்து சேரவில்லை. கடைக்காரர் சரக்கை மாற்றிவிடவில்லை. கடையில் அந்த ஸ்பீக்கர் கனமான பலகையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. காரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில், அதுவும் கை நுழையும் அளவுக்கு அங்கங்கே ஓட்டை வெட்டிய தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. விலை குறைந்த ஹேட்ச்பேக்குகளில் கம்பெனியே மாட்டித் தரும் ஸ்பீக்கர் மோசமாகக் கேட்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். ஆகவே பணத்தையும் உழைப்பையும் முதலில் கதவுக்கும், அடுத்து செட்டிங்ஸுக்கும், அதற்குப் பிறகும் குறை இருந்தால் மட்டும் புது ஸ்பீக்கருக்கும் செலவிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. கடைகளில் சொல்லப்படும் வரிசை இதற்கு நேர் தலைகீழ் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றை அமுக்குகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. ஆக, ஒரு ஸ்பீக்கரிலிருந்து எப்போதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஒலிகள் கிளம்புகின்றன. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உச்ச ஸ்தாயியில் இது பெரிய தொல்லை இல்லை. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. அது பின்பக்கமாக வளையாமல் நேரே போய்விடும். 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சின்ன ஓட்டை கிடைத்தால் போதும். பின்பக்க ஒலி அதன் வழியே முன்னால் வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். இன்று நாம் பயன்படுத்தும் வகை ஸ்பீக்கருக்கு அடித்தளம் போட்டவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்களான செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும். 1925-இல் அவர்கள் தங்கள் வடிவத்தை வெளியிட்டபோதே, முன்னையும் பின்னையும் பிரிக்கும் பலகையை அதன் ஓர் அங்கமாகத்தான் வைத்தார்கள். நூறு ஆண்டுகளில் காந்தமும் பசையும் மாறின, இந்த விதி மாறவில்லை. வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருப்பதும் இதற்காகத்தான். காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு பார்க்க வேண்டும். ஆனால் கதவை வடிவமைத்தவர் மனதில் இருந்தவை கண்ணாடி இறங்குவது, பூட்டு விழுவது, மழைநீர் வடிவது, எடை குறைவாக இருப்பது ஆகியவையே. பாட்டு அந்தப் பட்டியலின் கடைசியில்கூட இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

டோர் பேடைக் கழற்றினால் இது கண்ணுக்கே தெரியும். உள்தகட்டில் கண்ணாடி மோட்டாரைக் கழற்றி மாட்டுவதற்காக இரண்டு மூன்று பெரிய திறப்புகள் இருக்கும். அவற்றின் மேல், கம்பி கம்பியாக இழுபடும் கறுப்புப் பசையில் ஒட்டிய மெல்லிய பாலிதீன் தாள். தண்ணீரையும் தூசியையும் தடுக்க அது போதும். ஒலிக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. பாட்டு ஓடும்போது அந்தத் தாளின் மேல் விரலை வைத்தால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் அது உப்பி அடங்குவது தெரியும். தாளைத் தாண்டிய பின்பக்க ஒலி, கைப்பிடி இடுக்கு, பாட்டில் வைக்கும் பள்ளம் என்று கிடைத்த வழியிலெல்லாம் காருக்குள் கசிகிறது. முன்பக்க ஒலியும் முழுசாக நம்மிடம் வந்து சேர்வதில்லை. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் டோர் பேடில் இருக்கும் கிரில்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். ஒலியில் ஒரு பங்கு அதில் புகுந்து பேடின் முதுகுக்குப் பின்னால் சுற்றி, பேடையும் அதன் கிளிப்புகளையும் ஆட்டிக்கொண்டிருக்கும்.

வெளித்தகட்டின் பங்கும் சின்னதில்லை. ஆறரை அங்குல ஸ்பீக்கரில் உண்மையில் அசையும் பகுதி சுமார் 13 சென்டிமீட்டர் விட்டம்; பரப்பு 130 சதுர சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஒரு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கதவுத் தகட்டின் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய 45 மடங்கு. கோனின் அசைவில் 45-இல் ஒரு பங்கு தகடு அசைந்தாலே, கோன் தள்ளும் அளவு காற்றை அதுவும் தள்ளிவிடும். தகடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல அசையாது என்பதால் நடப்பில் கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆனாலும் எவ்வளவு பெரிய பறையை ஸ்பீக்கரின் பின்னால் கட்டி வைத்திருக்கிறோம் என்பது புரிகிறது. வெளித்தகட்டின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’ என்று ஒலித்து, இழுத்து அடங்கும். பாட்டில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அதே ‘டங்’ கூடவே ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் சாயல் மாறாமல் ஒரே ‘டொம்’மாகக் கேட்பது இதனால்தான்.

இதை யாரும் நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. சொந்தக் காரிலேயே சோதிக்கலாம். ஒரு கதவை மட்டும் சரிசெய்யுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். ஃபேடரை முழுக்க முன்னால் தள்ளி, 1950களிலோ 60களிலோ வந்த ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். அந்தக் காலத் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் வரும். பிற்காலத்தில் ஸ்டீரியோ சாயம் பூசி விற்ற பதிப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கியர் லிவருக்கு மேலாகத் தலை நடுவில் வருமாறு சாய்ந்து உட்கார்ந்து, பேலன்ஸை இடமும் வலமுமாக மாற்றிக் கேளுங்கள். நடுவில் உட்காரச் சொல்வதற்குக் காரணம், டிரைவர் சீட்டில் இருந்தால் வலக் கதவு பக்கத்திலேயே இருப்பதால் அது எப்போதும் ஜெயிக்கும். “காசு போட்டோமே என்ற ஆசையில் நன்றாகக் கேட்பதாகத் தோன்றுகிறது” என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது: ஒரே கார், ஒரே செட், ஒரே கம்பெனி ஸ்பீக்கர், ஒரே பாட்டு, வேறுபட்டது கதவு மட்டும்.

“அதெல்லாம் சரி, கம்பெனி ஸ்பீக்கர் வெறும் காகிதக் கோன், எலுமிச்சம்பழ அளவு காந்தம், பிளாஸ்டிக் கூடு, அதில் என்ன எதிர்பார்ப்பது?” என்று கேட்கலாம். பிளாஸ்டிக் கூடும் சின்னக் காந்தமும் செலவைக் குறைக்கச் செய்தவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் காகிதத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 1978-இல் யமஹா வெளியிட்ட என்எஸ்-10 ஸ்பீக்கரின் வெள்ளைக் கோன் காகிதம்தான். உலகெங்கும் எத்தனையோ ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் பாடல்களை மிக்ஸ் செய்தது அதை வைத்துத்தான். காகிதம் எடை குறைந்தது, குறைந்த சக்தியிலேயே அசைந்து கொடுக்கும். கம்பெனி ஸ்பீக்கர்களில் பலவும் சின்ன செட்டின் சக்திக்கு ஏற்றபடி இலேசாகச் செய்யப்பட்டவை. அந்த இடத்தில் ‘300 வாட்’ என்று அட்டையில் போட்ட, கனமான கோன் கொண்ட ஸ்பீக்கரை மாட்டினால், அதே வால்யூமில் முன்பைவிடச் சத்தம் குறைந்து கேட்பதும் உண்டு. வாங்கியவர் உடனே ஆம்ப் வேண்டும் என்பார். அடுத்து ஒயரிங், அடுத்து சப் ஊஃபர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கதவின் ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும்.

வாட் கணக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்தத் தொழிலில் இதைவிட அதிகமாக மனிதர்களைக் குழப்புவது வேறொன்றுமில்லை. செட்டின் முகப்பில் ‘50 வாட் × 4’ என்று இருக்கும். என்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். அந்த முழு மின்னழுத்தத்தையும் ஒரு நொடிகூடக் குறையாமல் 4 ஓம் ஸ்பீக்கரில் கொட்டினால் கிடைப்பது 51.8 வாட், அதாவது இசையே இல்லாத, முழுக்கச் சிதைந்த சதுர அலையின் கணக்கு அது. சிதையாத ஒலிக்கு அதில் பாதிதான் மேல் எல்லை. உள்ளே போகும் இழப்புகளையும் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான் வரும். நம்பாதவர்கள் செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பார்க்கலாம். 10 ஆம்பியர் என்று இருந்தால், 14.4-ஆல் பெருக்கினால் உள்ளே நுழைவதே 144 வாட். வெளியே 200 எப்படி வரும்? ஆகவே ஸ்பீக்கர் வாங்கும் நாள் வந்தால் அட்டையில் உள்ள பெரிய வாட் எண்ணை விட்டுவிட்டு, கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி என்ற எண்ணைத் தேடுங்கள். அது 3 டெசிபல் கூடினால் செட்டின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அதிலும் ஒரு தந்திரம் உண்டு: சிலர் 1 வாட்டில் அளந்து போடுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டில். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட். எண் தானாக 3 டெசிபல் ஏறிவிடும். இரண்டையும் ஒப்பிடும்போது அந்த மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி கதவு வேலை. டோர் பேடைக் கழற்ற, கைப்பிடி மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் கீழ் விளிம்பிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கிளிப்பும் உடையும், பெயிண்டும் போகும். நான்கைந்து கிளிப்புகளைக் கூடுதலாக முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது; எப்படியும் ஒன்றிரண்டு உடையும். தகட்டில் ஒட்ட வேண்டியது, மேலே அலுமினியப் படலமும் கீழே பியூட்டைல் ரப்பரும் கொண்ட 2 மில்லிமீட்டர் டேம்பிங் ஷீட். மேலே படலம், கீழே இரும்பு, நடுவே மாட்டிக்கொண்ட ரப்பர் என்ற அமைப்பில், தகடு வளையும் ஒவ்வொரு முறையும் ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. இந்த வேலை நடக்க ரப்பர் தகட்டோடு முழுசாகப் பிடித்திருக்க வேண்டும். எனவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒட்டிய பிறகு சின்ன ரோலரால், படலத்தில் இருக்கும் மேடுபள்ளக் கோலம் மட்டமாகும் வரை அழுத்துங்கள். கோலம் அப்படியே தெரிந்தால் ஒட்டு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும், தகட்டின் நடுப்பகுதிகளிலும் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மூடினாலே பலனில் பெரும் பகுதி வந்துவிடும். அதற்குமேல் ஒட்டுவதில் பலனைவிட எடைதான் கூடும். முடித்த பிறகு மறுபடியும் முட்டியால் தட்டிப் பாருங்கள்: ‘டங்’ போய் ‘டொக்’ என்று நிற்கும். விலை மலிவென்று தார் ஷீட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வெயிலில் நிற்கும் காரின் கதவு கொதிக்கும் நம் ஊரில் தார் இளகி வழுக்கும், உள்ளே நாற்றமும் அடிக்கும். வேண்டாம்.

உள்தகட்டின் திறப்புகளை அடைப்பதுதான் பேஸைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை. டேம்பிங் மட்டும் செய்து இதை விட்டுவிடுகிறவர்கள் ஏமாந்துபோவதும் இங்கேதான். சின்ன ஓட்டைகளை அதே ஷீட்டால் மூடலாம். பெரிய திறப்பின் மேல் ஷீட்டை மட்டும் இழுத்து ஒட்டினால் அதுவே பாலிதீன் தாள் போல உப்பி அடங்கும். மெல்லிய அலுமினியத் தகட்டையோ ஏசிபி (அலுமினியக் கூட்டுப் பலகை) துண்டையோ அளவுக்கு வெட்டி, ஸ்க்ரூ போட்டு, விளிம்பைப் பியூட்டைலால் அடையுங்கள். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் மெக்கானிக் அதைக் கழற்ற முடிய வேண்டும், அதனால்தான் ஸ்க்ரூ. பூட்டுக் கம்பிகள் போகும் வழியில் எதையும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றி, உரசுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஸ்பீக்கருக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஒரு நுரை வளையம், ஸ்பீக்கரின் முன் விளிம்பில் கிரில்லைத் தொட்டு அமுங்கும்படி இன்னொரு நுரை வளையம். இரண்டாவது வளையம் சில ரூபாய் நுரைதான். ஆனால் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்ல வேண்டும்: ஒலி பேடின் பின்னால் போகாமல் ஆளை நோக்கி வர இதுவே வழி. நுரை எதுவானாலும் தண்ணீர் குடிக்காத வகையாக இருக்கட்டும்.

கதவைத் தொட்டால் துரு பிடிக்கும், எடை கூடும், வாரண்டி போகும் என்ற மூன்று பயங்கள் வழக்கமாக வரும். துரு பயத்தில் உண்மை இருக்கிறது. கண்ணாடியோடு வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே வெளியேறுகிறது. அந்தத் துளைகளை ஷீட்டால் மூடினால் கதவு தொட்டியாகிவிடும்; ஒரு மழைக்காலத்திலேயே துரு தொடங்கிவிடும். ஆகவே அடிப்பகுதியில் நாலு விரல் அளவு இடத்தை எதுவும் ஒட்டாமல் விடுங்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டே பேடை மாட்டுங்கள். எடையைப் பொறுத்தவரை, 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ; மேலே சொன்ன அளவோடு நிறுத்தினால் ஒரு கதவுக்கு இரண்டு மூன்று கிலோவைத் தாண்டாது. கீலுக்கோ மைலேஜுக்கோ அது ஒரு பொருட்டில்லை. வாரண்டிக்கு ஆபத்து வருவது ஒயரை வெட்டும்போதுதான். காருக்கேற்ற கப்ளர் கடையில் கிடைக்கும்; வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற கடைக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இந்த மூன்றையும்விடப் பெரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் கேட்பதில்லை. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் முன்கதவுக்குள் இருக்கும். மோதும்போது கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதை வைத்து அது வேலை செய்கிறது. திறப்புகளைப் புதிதாக அடைத்தாலும் புது ஓட்டை போட்டாலும் அந்தக் கணக்கு மாறக்கூடும். உங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சென்சார் கதவில்தான் என்றால் உள்ளே கை வைக்காமல், முன் விளிம்பின் நுரை வளையத்தோடும் அடுத்து வரும் செட்டிங்ஸோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டும் அதற்கு மேல் முக்கியமில்லை.

செட்டிங்ஸில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம் பேஸ் பூஸ்ட்டை முழுக்க ஏற்றுவது. கதவை அடைக்காமல் பேஸை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும். இருபது வாட் செட்டில் அது எங்கிருந்து வரும்? செட் திணறி அலையின் தலையை வெட்டிவிடும், கேட்பது கரகரப்பு. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: ஸ்பீக்கரால் முடியாத பேஸை அதனிடம் கேட்காமலே விடுவது. ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். 82 ஹெர்ட்ஸுக்கு ஒரு மில்லிமீட்டர் அசையும் கோன் அங்கே நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும், சின்ன ஸ்பீக்கரில் அதற்கு இடமே இல்லை. எல்லை மீறி அசையும்போது அதே கோனிலிருந்து வரும் பாடகரின் குரலும் சேர்ந்து நடுங்குகிறது. செட்டில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் எச்பிஎஃப் (ஹை-பாஸ் ஃபில்டர்) என்ற வசதி இருந்தால் அதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கரின் பாசிட்டிவ் ஒயரில் தொடராக 470 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் ஒன்று. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சுமார் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லக் குறைக்கும். ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும். பேஸை வெட்டினால் பேஸ் எப்படி நன்றாகும் என்று கேட்கத் தோன்றும். இளையராஜா பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டார் வரிகளைப் போட்டுப் பாருங்கள். கீழ்ச்சுரங்களின் கனம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து அடங்குவது கேட்கும். வால்யூமும் முன்பைவிட இரண்டு மூன்று புள்ளி மேலே போகும்.

லவுட்னஸ் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸ் அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அந்தப் பட்டன். எனவே மெதுவாகக் கேட்கும்போது போடுங்கள், சத்தமாகக் கேட்கும்போது அணையுங்கள். ப்ளூடூத்தில் கேட்டால் போனின் வால்யூமை உச்சத்தை ஒட்டி வைத்துவிட்டு காரில் குறைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பாட்டையோ எஃப்எம்மையோ வைத்து ஸ்பீக்கரை எடைபோடாதீர்கள். எஃப்எம் ஒலிபரப்பே 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். செட்டையோ ஸ்பீக்கரையோ யாராவது முன்பு மாற்றியிருந்தால் காசில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். பேலன்ஸ் நடுவில் இருக்கும்போது பேஸ் மெலிந்து, ஒரு பக்கம் தள்ளியதும் கனத்தால், ஒரு ஸ்பீக்கரின் ஒயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. ஒயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். பாசிட்டிவில் பாசிட்டிவ் பட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்பீக்கர் மாற்றியவர்களின் குறை இந்த இரண்டு ஒயரை மாற்றியதும் தீர்ந்துபோவதுண்டு.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் உண்மையான குறை ஒன்று இருக்கிறது: ட்வீட்டர் இல்லாத கார்களில் சொல் தெளிவாகக் கேட்காது. 13 சென்டிமீட்டர் கோன் இரண்டரை ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பாமல் நேரே மட்டும் அனுப்பத் தொடங்குகிறது. கதவின் அடியில் அது இருக்கும் இடத்திலிருந்து நேரே என்றால் நம் முழங்கால். சகரமும் தகரமும் உரசி ஒலிக்கும் அந்தக் கூர்மை காதுக்கு வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது. இதைக் கதவு வேலை தீர்க்காது. முன் தூண் அருகே ஒரு ஜோடி ட்வீட்டர், அதன் கெப்பாசிட்டரோடு, கதவு ஸ்பீக்கரின் ஒயரிலேயே இணையாக மாட்டினால் தீரும். பல கார்களின் மேல் வேரியண்ட்களில் கம்பெனி செய்வதும் இதைத்தான். கதவு ஸ்பீக்கரின் ஒயரில் பேஸ் வெட்டும் கெப்பாசிட்டர் போட்டிருந்தால், ட்வீட்டர் ஒயரை அதற்கு முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஹேட்ச்பேக்கின் பார்சல் ட்ரேயில் ஓவல் ஸ்பீக்கர் மாட்டும் பழக்கத்துக்கு மட்டும் இந்த நூலில் இடமில்லை. மெல்லிய அட்டைப் பலகையில், முதுகுக்குப் பின்னால், இரண்டு கனமான காந்தங்கள். ஒலிக்கும் கெடுதல், சடன் பிரேக் போட்டால் பின்சீட்டில் இருப்பவர் தலைக்கும் கெடுதல்.

ஸ்பீக்கரை மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே சரசரவென்று உரசினால் காயில் கெட்டுவிட்டது. விளிம்பு வளையம் வெடித்திருந்தாலும், காகிதம் ஈரம் பட்டு ஊறிச் சுருண்டிருந்தாலும் அப்படித்தான். அப்போது முன்கதவுக்கு ஒரு ஜோடி மட்டும் வாங்குங்கள், பின்கதவை விட்டுவிடுங்கள். நல்ல நிலையில் கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரையும் எச்பிஎஃப்புக்காகப் போட்ட கெப்பாசிட்டரையும் தூக்கிப் போட வேண்டாம்; காரை விற்கும்போது பழையதையே மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியதை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். கப்ளர் வைத்து மாட்டியிருந்தால் அது அரைமணி நேர வேலை. கதவில் ஒட்டிய ஷீட்டை மட்டும் உரிக்க முடியாது, அது காரோடு போகும்.